ரயில் பாதைக்கு அப்பால் வழியின்றி நிற்கும் நன்செய்: கேட் மூடப்பட்ட பின் எந்த உரிமையை யாரிடம் கோருவது?

கேள்வி: தென்கரை உழவர்

வணக்கம். காவிரி டெல்டாவில் எங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர் நன்செய் உண்டு. ஊர் ரயில் பாதைக்கு வடக்கே இருக்கிறது. நிலமோ தெற்கே, தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் பிறருடைய பட்டா நிலங்கள். மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே ஊரிலிருந்து வரும் வண்டிப்பாதை தண்டவாளத்தைக் கடந்து நேராக எங்கள் வயலில் இறங்கும். தாத்தா காலத்தில் அங்கே ஆள் கிடையாது; பின்னர் கேட் அமைத்து ஆள் போட்டார்கள். அகலப் பாதையாக மாற்றிய பிறகும் கேட் இருந்தது.

சென்ற ஆண்டு குறுவைக்கு முன்னர் அந்தக் கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டு, கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள். அதன் தெற்கு வாயிலிலிருந்து சாலை அடுத்த ஊருக்குச் செல்கிறதே தவிர எங்கள் நிலத்துக்கு வருவதில்லை. அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டுமானால் இன்னொருவரின் பட்டா நிலத்தின் ஓரமாகத்தான் வர வேண்டும். அவர் ஆட்கள் நடந்து போகட்டும் என்கிறார். டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வழிவிட மறுக்கிறார். நாற்றுக்கட்டுகளையும் உர மூட்டைகளையும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் ஒரு போகத்தைச் சமாளித்தோம். விளைந்த நெல்லை வெளியே கொண்டுவர முடியாமல் பட்ட பாட்டை இன்னொரு முறை பட எங்களால் இயலாது.

மூன்று தலைமுறையாகத் தண்டவாளத்தைக் கடந்து வந்ததால் அந்த இடத்தில் கடக்கும் உரிமை எங்களுக்கு ஏற்பட்டிருக்கிறதா? ரயில்வே நிர்வாகம் எங்களுக்கு மாற்று வழி செய்து தரக் கடமைப்பட்டதா? அண்டை நிலத்துக்காரரைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியுமா? நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று தம்பி சொல்கிறார். வழியில்லாத நிலத்துக்குக் கேட்கப்படும் விலையை அறிந்தவர்களுக்கு எங்கள் நிலை புரியும்.

பதில் 1: உரிமையியல் வழக்கறிஞர்

ஐயா, உங்கள் மூன்று கேள்விகளையும் தனித்தனியே பார்ப்பதற்கு முன்னால் காலக்கெடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் அதைத் தவறவிட்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். பிறர் நிலத்தின் வழியே போய்வருவது போன்ற உரிமைகளை (வசதியுரிமை) வரையறுக்கும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, தனியார் நிலத்தின் மீது 20 ஆண்டும் அரசு நிலத்தின் மீது 30 ஆண்டும் வெளிப்படையாக, தடையின்றி, உரிமை என்ற நிலையில் வழியை அனுபவித்தவருக்கு நீடித்த அனுபவத்தால் உரிமை பிறக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகள் வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்தவையாக இருக்க வேண்டும். கேட் மூடி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால், அந்த வாதத்தை எடுப்பதாக இருந்தால் மனு மேல் மனு எழுதிக்கொண்டே காலத்தைக் கடத்த உங்களுக்கு வாய்ப்பில்லை. நடுவண் அரசின் மீது, ரயில்வே தொடர்பாக வழக்குப் போடுவதற்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி அந்த ரயில்வேயின் பொது மேலாளருக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதற்கேள்வி. தண்டவாளத்தைக் கடக்கும் உரிமை நீண்டகாலப் பழக்கத்தால் உங்களுக்கு ஏற்பட்டது என்று நிறுவுவது மிகக் கடினம். கேட் என்பது ரயில்வே நிர்வாகம் தானே அமைத்து, தன் ஆளை வைத்துத் திறந்து மூடிய இடம். அதன் வழியே போனவர் அனுமதியின் பேரில் போனார் என்றே எதிர்த்தரப்பு சொல்லும். அனுமதியின் பேரில் நடந்த அனுபவம், அது எத்தனை தலைமுறை நீண்டாலும், உரிமை என்ற நிலையில் நடந்த அனுபவமாகாது. கேட் மூடப்பட்ட இடத்தில் இப்போது தடுப்பைத் தாண்டிக் கடந்தால், 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அது அத்துமீறல்; ஆறு மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இரண்டாம் கேள்விக்கு அதே சட்டத்தின் 16, 17ஆம் பிரிவுகளைப் படிக்க வேண்டும். ரயில் பாதை போடுவதால் ஒருவருடைய நிலத்தின் பயன்பாடு துண்டிக்கப்பட்டால், மாநில அரசு தேவை என்று கருதும் கடவுகள், பாலங்கள், மதகுகள், வழிகள் ஆகியவற்றை ரயில்வே நிர்வாகம் தன் செலவில் செய்து தர வேண்டும் என்பது 16ஆம் பிரிவு. கேட்கும்போது மனத்துக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பாதை பொதுப் போக்குவரத்துக்கு முதன்முதலாகத் திறக்கப்பட்ட நாளிலிருந்து பத்து ஆண்டு கடந்த பிறகு, கூடுதல் வசதிப் பணிகளைச் செய்யும் பொறுப்பு நிர்வாகத்துக்கு இல்லை என்று அதே பிரிவு வரம்பிடுகிறது. அகலப் பாதையாக மாற்றித் திறந்த நாளிலிருந்துதான் பத்து ஆண்டைக் கணக்கிட வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள்; ‘முதன்முதலாக’ என்று சட்டத்தில் இருக்கும்போது அந்த வாதத்தை நம்பி நிலத்தைப் பணயம் வைக்கலாகாது என்பது என் கருத்து. பத்து ஆண்டுக்குப் பிறகு உங்களுக்கு எஞ்சுவது 17ஆம் பிரிவு. செய்யப்பட்ட வசதிகள் போதவில்லை என்று கருதும் நில உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் வசதியைக் கோரலாம், செலவு அவருடையது. உள்ளாட்சி அமைப்பும் மாநில அரசும் தங்கள் செலவில் பொதுச்சாலைக்காக இவ்வாறு கோர இடமுண்டு.

மூன்றாம் கேள்விக்கு விடை சொல்ல உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் முடியாது. அந்த அண்டை நிலமும் உங்கள் நிலமும் என்றேனும் ஒரே உடைமையாக இருந்து பிரிந்தவையா? தாய்ப்பத்திரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர்

ரயில்வேயின் பொறியியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேட்டுகளை மூடுவதில் நிர்வாகம் காட்டும் உறுதியை வெறும் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லாக் கடவு ஒன்றில் பள்ளி வேன் மீது ரயில் மோதிக் குழந்தைகள் 13 பேர் இறந்தார்கள். அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் ஒழிக்கப்பட்டன. ஆள் இருக்கும் கேட்டும் முழுப் பாதுகாப்பன்று என்பதை 2025 ஜூலையில் கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் நடந்த விபத்து காட்டியது. அங்கும் போனவை பள்ளிப் பிள்ளைகளின் உயிர்கள். எனவே மூடிய கேட்டை மீண்டும் திறக்க வைக்கும் முயற்சியில் உங்கள் பணத்தையும் காலத்தையும் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் கேட்டை மூடிய முறை சரிதானா என்பது வேறு கேள்வி; அதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். கேட்டை மூடுவதற்கு முன் ரயில்வேயும் வருவாய்த் துறையும் கூட்டாக இடத்தைப் பார்வையிடுவதும் மாவட்ட நிர்வாகத்தின் இசைவைப் பெறுவதும் வழக்கம். அந்தக் கோப்பில் கேட்டைப் பயன்படுத்துவோர் யார், அவர்களுக்கு மாற்று வழி எது என்று எழுதப்பட்டிருக்கும். உங்கள் வயலுக்குச் சுரங்கப்பாதை வழியே போகலாம் என்று அதில் குறித்திருந்தால், இடையில் கிடக்கும் பட்டா நிலத்தை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கூட்டுப் பார்வைக் குறிப்பு, ஆட்சியரின் இசைவுக் கடிதம், அந்தப் பகுதியின் ரயில்வே நில வரைபடம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்; ‘அனைத்து விவரங்களும்’ என்று கேட்டால் எதுவும் வராது.

நில வரைபடத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தண்டவாளத்தின் இருபுறமும் ரயில்வே எல்லைக்கல் வரை உள்ள நிலம் இடத்துக்கு இடம் அகலம் மாறும். பாதை மண்மேட்டின் மீது செல்லும் இடங்களில் மண் எடுத்த பள்ளங்களையும் சேர்த்து அகலமாக எடுத்திருப்பார்கள். சுரங்கப்பாதையின் தெற்கு வாயிலிலிருந்து உங்கள் வயல் வரை, மண்மேட்டின் அடிக்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவே ஒரு டிராக்டர் போகும் அகலம் இருக்குமானால், தண்டவாளத்தைத் தொடாமல் அதற்கு இணையாக ரயில்வே நிலத்தில் செல்லும் வழிக்கு அனுமதி கோரலாம். தனியார் வீட்டுக்கும் நிலத்துக்கும் இவ்வாறு கட்டணம் பெற்று வழி அனுமதிக்கும் ஏற்பாடு ரயில்வேயில் உண்டு. முதுநிலை கோட்டப் பொறியாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது உரிமையாகாது, நாளைக்கு இரட்டைப் பாதை வந்தால் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். ஆனாலும் அறுவடை இயந்திரம் அதில் போகும்.

உங்கள் வயலருகே பாதைக்கு அடியில் பாசன மதகு எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 17ஆம் பிரிவின்படி புதிதாகச் சுரங்கப்பாதை கேட்பது தனி விவசாயியால் தாங்கக்கூடிய செலவன்று. ஏற்கெனவே உள்ள மதகு பழுதடைந்து மாற்றப்படவிருந்தால், அந்த வேளையில் வண்டி போகும் அளவுக்குப் பெட்டி வடிவக் கான்கிரீட்டை வைக்கச் சொல்லி ஊராட்சி வழியாகக் கேட்பது நடக்கக்கூடிய காரியம். தண்ணீரும் வண்டியும் ஒரே வழியில் போகும் ஏற்பாட்டை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் தாழ்வான இடங்கள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதில் 3: முன்னாள் கிராம நிர்வாக அலுவலர்

இருவரும் சட்டத்தையும் ரயில்வேயையும் சொன்னார்கள்; நான் கிராமக் கணக்கைச் சொல்கிறேன். கேட் இருந்த இடத்துக்கு ஊரிலிருந்து வண்டிப்பாதை வந்தது என்கிறீர்கள். ரயில் பாதை வருவதற்கு முன் அந்த வண்டிப்பாதை எங்கே போயிற்று? ஒரு நான்கு ஏக்கர் வயலோடு நின்றிருக்க வாய்ப்புக் குறைவு; தெற்கே ஆற்றுத்துறைக்கோ அடுத்த ஊருக்கோ போயிருக்கும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் எடுத்து, இன்றைய ‘அ’ பதிவேட்டோடும் (ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, எவ்வகை நிலம் என்று காட்டும் கிராமக் கணக்கு) புல வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். பழைய படத்தில் பாதைப் புறம்போக்காக இருந்த துண்டு, பிற்காலத்தில் பக்கத்துப் பட்டாவோடு சேர்ந்துபோன நேர்வுகளை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு துண்டு தெரிந்தால், நீங்கள் அண்டை வீட்டாரோடு வழக்காட வேண்டியதே இல்லை. புறம்போக்கை மீட்பது வட்டாட்சியரின் வேலை.

ஆற்றங்கரையையும் மறந்துவிடாதீர்கள். ஆற்றின் கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பது. டெல்டாவில் எத்தனையோ ஊர்களுக்குக் கரைதான் சாலை. உங்கள் வயலின் தென்கோடியிலிருந்து கரை மீது ஏற ஓர் இறக்கம் அமைத்துக்கொள்ள உதவிப் பொறியாளரிடம் அனுமதி கேட்கலாம். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியர் முன்னிலையில் மனுவைக் கொடுங்கள். நீர்வளத் துறை அலுவலர்களும் வட்டாட்சியரும் ஒரே அரங்கில் இருக்கும் நாள் அது. மனுவோடு புல வரைபடத்தில் சிவப்பு மையால் நிலத்தையும் மூடிய கேட்டையும் சுரங்கப்பாதையையும் குறித்து இணையுங்கள். பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு தாள் விரைவாகப் புரியும்.

கேள்வி கேட்டவர்: தென்கரை உழவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். கிழக்கே உள்ள அந்த நிலமும் எங்கள் நிலமும் தாத்தாவின் பெயரில் ஒரே புல எண்ணில் இருந்தவை. 1968இல் பாகப்பிரிவினை ஆகி, கிழக்குப் பாதி பெரியப்பாவுக்கும் மேற்குப் பாதி அப்பாவுக்கும் வந்தது. பெரியப்பாவின் பிள்ளைகள் பிற்காலத்தில் இப்போதைய உரிமையாளருக்கு விற்றுவிட்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘மாமூல் வழிநடை, வண்டிப்பாதை, நீர்ப்பாய்ச்சல் பாத்தியதைகள் உள்பட’ என்ற வாசகம் இருக்கிறது. எந்த வழி என்று குறிக்கவில்லை. அப்போது எல்லோரும் கேட் வழியாகத்தான் போய்வந்தார்கள். கரையோரம் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. டிராக்டர் போகும் அகலம் பல இடங்களில் இல்லை.

பதில் 4: பக்கத்து வட்டார விவசாயி

எங்கள் பகுதியிலும் இதே நிலை வந்தது. வழக்கு முடியும்வரை பயிர் காத்திருக்காது. ஆகவே இந்தப் போகத்துக்கு மட்டும் என்று அண்டை நிலத்துக்காரரிடம் பேசுங்கள். அவருடைய அறுவடை முடிந்த மறுநாள் இயந்திரம் அவர் வயல் வழியே உங்கள் வயலுக்கு வருமாறு தேதியை அமைத்துக்கொண்டால் அவருக்குப் பயிர்ச் சேதம் இல்லை. உடையும் வரப்பை நீங்கள் கட்டிக் கொடுத்து, ஒரு தொகையும் கொடுக்கலாம். இரண்டு வயலிலும் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டால் இது எளிதாக நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் இருவரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 5: உரிமையியல் வழக்கறிஞர்

ஐயா, 1968ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினை உங்கள் நிலையை வெகுவாக மாற்றுகிறது. வசதியுரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு, ஒரே உடைமை விற்பனையாலோ பாகப்பிரிவினையாலோ பிரியும்போது, ஒரு பகுதியை மற்றொன்றின் வழியே போகாமல் அனுபவிக்க முடியாது என்றால், அந்த வழி உரிமை தேவையினால் தானே பிறக்கிறது என்கிறது. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் முதல் எடுத்துக்காட்டு, விற்றவரின் நிலத்தின் வழியாகவோ அயலாரின் நிலத்தில் அத்துமீறியோ அன்றிப் போக முடியாத ஒரு வயலைப் பற்றியது. பெரியப்பாவின் பாகத்தை வாங்கியவர் அந்தப் பாரத்தோடுதான் வாங்கினார் என்று நீங்கள் வாதாடலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் வழக்கின் வெற்றி அதை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதில்தான் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். தேவை என்பது நிலம் பிரிந்த நாளில் இருந்திருக்க வேண்டும். 1968இல் கேட் இருந்ததே, அப்போது இந்த நிலம் வழியில்லா நிலமாக இல்லையே என்று எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே கேட்கும். தண்டவாளத்தைக் கடப்பது எங்கள் உரிமை என்று நீங்கள் ரயில்வேயின் மீது ஒரு வழக்குப் போட்டிருந்தால், அந்த வழக்குரையையே இந்த வழக்கில் உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். உரிமையுள்ள வழி ஒன்று இருந்தவருக்குத் தேவையினால் இன்னொரு வழி பிறக்காது. மாறாக, கேட் வழியாகப் போனது ரயில்வேயின் அனுமதியால் மட்டுமே, எந்நாளும் உரிமையால் அன்று, ஆகவே சட்டத்தின் பார்வையில் 1968இலேயே இந்த நிலத்துக்கு உரிமையுள்ள வழி இல்லை என்ற நிலையை நீங்கள் எடுத்தால், 13ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்க இடமுண்டு. பத்திரத்தில் உள்ள பாத்தியதை வாசகமும் அப்போது கூடுதல் வலுச் சேர்க்கும். இரண்டு வாதங்களும் ஒன்றையொன்று வெட்டுபவை. மாற்று நிலையாக இரண்டையும் ஒரே வழக்குரையில் சொல்லச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும், சாட்சிக்கூண்டில் நீங்கள் ஒன்றைத்தான் சொல்ல முடியும். என் முடிவு இதுதான்: ரயில்வேயிடம் அனுமதியைக் கேளுங்கள், உரிமையை அண்டை நிலத்தின் மீது கேளுங்கள்.

முன்னாள் கிராம நிர்வாக அலுவலர் சொன்ன ஆற்றங்கரை வழியும் இதே தராசில்தான் நிறுக்கப்படும். அது துறையின் அனுமதியால் மட்டுமே கிடைப்பது என்பதையும், டிராக்டர் செல்லும் அகலம் அங்கே இல்லை என்பதையும் நில அளவரின் குறிப்போடு இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். கரையில் உரிமையோடு செல்லத்தக்க வண்டிப்பாதை கிடைத்துவிட்டால் தேவை வழக்கு நிற்காது. ஆனால் அப்போது உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது என்பதால் வருந்த எதுவும் இல்லை. பழைய பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு தெரிந்தாலும் அப்படியே.

இன்னொரு கேள்வியும் எழும். தேவையினால் பிறக்கும் உரிமை, அது பிறந்த நாளில் இருந்த தேவையின் அளவைத் தாண்டாது என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. 1968இல் மாட்டுவண்டிதான் இருந்தது, அறுவடை இயந்திரம் இல்லையே என்பார்கள். விவசாயத்துக்கான வழி என்பதே அன்றைய தேவை, கருவி மாறினாலும் நோக்கம் மாறவில்லை என்பது நம் பதிலாக இருக்க வேண்டும். இருந்தாலும் கேட்கும் அகலத்தை இயந்திரத்துக்குப் போதுமான அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு மனைப்பிரிவு போடும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறது என்ற ஐயம் எழுந்துவிட்டால் நீதிமன்றத்தின் பரிவு குறைந்துவிடும். வழி எந்த ஓரமாகச் செல்ல வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பு 14ஆம் பிரிவின்படி வழிவிட வேண்டிய தரப்புக்கே உரியது. ஆகவே அறிவிப்பிலேயே ‘தாங்கள் காட்டும் ஓரமாக’ என்று எழுதுங்கள்.

பக்கத்து வட்டார விவசாயி சொன்ன தற்காலிக ஏற்பாட்டை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் எழுதிக்கொடுக்கும் தாளில் ‘தங்கள் அனுமதியின் பேரில் மட்டுமே வருகிறேன், எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்ற வாசகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர் தரப்பில் தயாரிக்கும் தாளில் இது பெரும்பாலும் இருக்கும். அதற்குப் பதிலாக, ‘இருதரப்பு உரிமைக்கும் பாதகமின்றி, இந்தப் போகத்து அறுவடைக்காக மட்டும்’ என்று எழுதி, கொடுக்கும் தொகையை வரப்புச் சேதத்துக்கான ஈடு என்று குறியுங்கள். வழிக்கான வாடகை என்று குறிக்க வேண்டாம். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், கிழக்கு நிலத்தின் கிரயப் பத்திர நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வாங்கிவிட்டு, அந்தக் கிரயப் பத்திரத்தில் பாத்தியதை வாசகம் தொடர்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அறிவிப்பை எப்படி எழுதுவது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.